ஆசிரியப் பதவி உபகாரப் பொருளன்று!

வேலையற்றோருக்கு உத்தியோகம் வேண்டும் என்ற குரல் எழும்போதெல்லாம் நம் நாட்டு அரசாங்கங்களின் கண்ணில் முதலிற் படுவது பெரும்பாலும் பாடசாலையே. கட்சி மாறினாலும் இவ்வழக்கம் மாறுவதில்லை. பட்டத்தோடு வந்தவர் கற்பித்தற் பயிற்சி எதுவுமின்றி வகுப்பறைக்கு அனுப்பப்படுகிறார். பயிற்சியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்கின்றனர். இது முறையன்று என்பதே நமது திடமான கருத்து.

வைத்தியப் பட்டம் பெற்றவர், மூத்த வைத்தியரின் கீழ் ஆஸ்பத்திரியில் ஓராண்டு பயின்ற பின்னரே தனித்து வைத்தியம் செய்யலாம். சட்டக் கல்லூரிப் பரீட்சையிற் சித்தியெய்தியவரும் ஆறு மாதம் சட்டத்தரணி ஒருவரிடம் தொழில் பழகவேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு எழுத்தறிவித்தல் இவற்றிலும் இலகுவான கருமம் என்று யார் தீர்மானித்தார்? கணிதம் அறிந்திருத்தல் வேறு. கழித்தலிற் கடன் வாங்குவது ஏன் என்று புரியாமல் விழிக்கும் பிள்ளைக்கு அதைப் புரியவைத்தல் வேறு. பிள்ளை தடுமாறும் இடத்தைக் கண்டறிந்து கைதூக்கிவிடும் வித்தை பட்டத்தோடு தானாக வந்துவிடாது.

இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஆறுமுக நாவலர், பள்ளியைத் திறந்ததோடு நில்லாது, படிமுறையாகப் படிப்பிப்பதற்குப் பாலபாடங்களையும் எழுதி அச்சேற்றினார். கோப்பாய், பலாலி, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் கலாசாலைகளிற் பயின்று வெளிவந்தோர், ‘பயிற்றப்பட்ட ஆசிரியர்’ என்ற சொல்லுக்கே மதிப்புத் தேடித்தந்தனர். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய கல்வியியற் கல்லூரிகளில், இரண்டாண்டு கல்லூரியிலும் மூன்றாமாண்டு பாடசாலையிலும் பயிலும் ஒழுங்கு வகுக்கப்பட்டது. நேர்வழி இருக்கவே குறுக்குவழி தேடுவது ஏன்?

இதனால் நட்டப்படுவோர் யார்? நகரத்து உத்தியோகத்தர், பாடசாலையிற் கிடைக்காததை ரியூசனில் விலைகொடுத்து வாங்கிக்கொள்வார். வன்னியிலும் படுவான்கரையிலும் வாழும் கமக்காரரின் பிள்ளைக்கோ வகுப்பில் நிற்கும் ஆசிரியரன்றி வேறு கதியில்லை. 1945இல் வந்த இலவசக் கல்வி அப்பிள்ளைக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது. உள்ளே தகுந்த ஆசிரியர் இல்லையேல் திறந்த கதவால் பயன் என்ன? பதர் விதைத்துக் கெட்ட வயலை அடுத்த போகத்திலே திருத்திக்கொள்ளலாம். இரண்டாம் வகுப்பில் வாசிக்கப் பழகாத பிள்ளைக்கு அந்தப் போகம் திரும்பி வருவதில்லை.

யுத்த காலத்தில் ஆசிரியரில்லாப் பாடசாலைகளை மூடவிடாது காத்த தொண்டர் ஆசிரியர்களுக்கு நம் சமூகம் கடமைப்பட்டுள்ளது. அத்தகையோரை விலக்குமாறு நாம் கூறவில்லை. சம்பளத்தோடு முறையான பயிற்சியும் கொடுத்து அவர்களை உயர்த்துவதே அக்கடனைத் தீர்க்கும் வழி.

எல்லாப் பழியையும் கொழும்பின்மேற் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கவும் முடியாது. 1987இன் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணப் பாடசாலைகள் மாகாண நிர்வாகத்துக்கு உரியவை. கஷ்டப் பிரதேச நியமனத்தைத் தவிர்க்க விரும்பும் பயிற்றப்பட்ட ஆசிரியர் செல்வாக்குத் தேடிச் செல்வது நம்மவரின் வாசலுக்கே. அவருக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கும் பிரமுகர், பின்தங்கிய கிராமத்துப் பிள்ளையின் ஆசிரியரைப் பறிக்கின்றார்.

பயிற்சி முன்னர், வகுப்பு பின்னர். தேர்ந்த ஆசிரியருக்குப் பின்தங்கிய பாடசாலையில் முதற் சேவை, அங்கே தங்குமிடமும் தக்க படியும் — இவையே நமது கோரிக்கை. நாளை வாக்குக் கேட்டு வருவோர் எத்தனை பேருக்கு ஆசிரிய நியமனம் வாங்கித் தருவதாகப் பட்டியல் வாசிக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க எத்தகையவரை அனுப்புவீர் என்று கமக்காரர் எழுந்து கேட்கட்டும்!