மரநாய்க்குக் கூண்டு வேண்டாம், கொத்தனாரைக் கூப்பிடுங்க

சென்னை, மதுரைன்னு வெளியூர்ல இருக்கிற சொந்தக்காரங்க போன் பண்ணினா மழை உண்டா, வாழை எப்படி, யாருக்குக் கல்யாணம்னு மூணு விஷயம் விசாரிப்பாங்க. இப்போ கொஞ்ச நாளா நாலாவதா ஒரு கேள்வியும் சேர்ந்திருக்கு. "ராத்திரி மேல ஏதோ தடதடன்னு ஓடுது, வீடே ஒரு மாதிரி நாறுது, என்ன செய்யன்னே தெரியல." எலின்னு ஆரம்பிப்பாங்க. பொறவு பூனைம்பாங்க. கடைசியில யாராவது ஒருத்தர் டார்ச் அடிச்சுப் பார்த்து, நீள வாலும் கருப்பு மூஞ்சியுமா ஒண்ணு உக்காந்திருக்குன்னு சொல்லுவாங்க. அது மரநாய்.

இதைப் பத்தி எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. அதைச் சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு. மரநாய் வீட்டுக்குள்ள வந்தா பிடிக்கிறவனைத் தேடாதீங்க, விஷம் வைக்கிறவனை வாசப்படியே ஏத்தாதீங்க. கொஞ்சம் பொறுத்திருந்து கொத்தனாரைக் கூப்பிடுங்க.

முதல்ல இந்த நாத்தத்தைப் பேசிருவோம், ஏன்னா பாதி சண்டை அதுலதான். அமெரிக்காவுல இருக்கிற என் மருமகன் அங்க ஸ்கங்க்னு ஒரு பிராணி இருக்குன்னு சொல்லுவான். கருப்பு உடம்புல வெள்ளைக்கோடு போட்டிருக்கும். வீட்டு அடிப்பலகைக்குக் கீழே குடியிருக்குமாம். சீண்டினா வாலைத் தூக்கிப் பத்தடி தூரத்துக்குப் பீச்சி அடிக்கும், அந்த வாடை குளிச்சாலும் போகாதாம். நம்ம நாட்டுல ஸ்கங்க் கிடையாது. நமக்கு வாய்ச்சது மரநாய். இதுக்கும் வாலுக்கு அடியில வாசச் சுரப்பி உண்டு. பயந்தா அதுல இருந்து ஒரு கெட்ட நாத்தம் விடும். ஆனா ஸ்கங்க் மாதிரி குறி பார்த்து அடிக்கிற வேலையெல்லாம் தெரியாது. அந்தச் சுரப்பி ஆண், பெண் ரெண்டுக்குமே விதை மாதிரி தொங்கிக்கிட்டு இருக்கும். அதைப் பார்த்துட்டு 1777-ல பல்லாஸ்னு ஒரு விஞ்ஞானி ரெண்டும் கெட்டான்னு அர்த்தம் வர்ற மாதிரி பேர் வச்சுட்டாரு. பாவம், இன்னைக்கும் அதோட அறிவியல் பேர்ல அது ஒட்டிக்கிட்டிருக்கு.

பயப்படாம சாதாரணமா இருக்கும்போது அதோட வாசமே வேற. புது அரிசி வேகுற மாதிரி இருக்கும். வங்காளத்துல இதுக்குக் 'கந்தகோகுல்'னு பேரு, வாசத்தை வச்சுதான் அந்தப் பேரு. எங்க பக்கம் சாமத்துல எங்கேயிருந்தோ சோறு வடிக்கிற வாசமோ கிழங்கு அவிக்கிற வாசமோ வந்தா, நல்லபாம்பு கொட்டாவி விடுதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. பிள்ளைங்களைத் திண்ணையை விட்டு உள்ளே கூப்பிட்டுருவாங்க. என் கணக்குல அந்தக் கொட்டாவியில பாதிக்கு மேல மரநாயோடதுதான்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. மரநாய்க்குச் சொந்தக்காரன் புனுகுப்பூனை. அதுவும் வாசச் சுரப்பி உள்ள சாதிதான், ஆனா அதிகமா தரையில திரியும். திருப்பதியில வெள்ளிக்கிழமை அபிஷேகம் முடிஞ்சதும் பெருமாளுக்குச் சாத்துற புனுகு அதுகிட்ட இருந்து வர்றது. மூஞ்சூறு நாறாத நாத்தமா? அதைப் பிள்ளையாருக்கு வாகனமா வச்சுக் கும்புடுதோம். மரநாய் மேல மட்டும்தான் நமக்குக் கோவம். அதுக்குன்னு ஒரு சாமி அமையல போலிருக்கு.

அடுத்தது, மரநாய் காட்டை விட்டு ஊருக்குள்ள வந்துருச்சுன்னு பட்டணத்துல பேசுறாங்க. அது காட்டுல மட்டும் இருக்கிற பிராணி இல்லை. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் பனை விளையிலயும் ஓட்டு வீட்டு மச்சுலயும்தான் அது குடியிருக்கு. பனையேறிங்களுக்கு இது பழைய பங்காளி. கலயத்துல பதனி சொட்டிக்கிட்டு இருக்கும்போதே மேல ஏறிக் குடிச்சுட்டுப் போயிரும். இலங்கையில வெள்ளைக்காரன் இதுக்குக் கள்ளுப்பூனைன்னு அர்த்தம் வர்ற மாதிரி 'டாடி கேட்'னு பேர் வச்சது சும்மா இல்லை. ஆவணியில பனம்பழம் விழுந்தா அதோட சதையைச் சப்பிட்டுப் போகும். நாவல், அத்தி, ஆலம்பழம், இலந்தைன்னு எதையும் விடாது. எலி பிடிக்கும், நத்தை, பூச்சியும் தின்னும்.

தின்ன பழத்தோட கொட்டையை முழுசா வெளியே தள்ளிரும். பாறை மேலயும் சுவர் மேலயும் கொட்டையா அப்பிக் கிடக்கிற எச்சத்தைப் பார்த்திருப்பீங்க. விதைக்கிறவன் வேலையைத்தான் அது செய்யுது. எங்க ஊருக்கு மேற்கே களக்காட்டு மலை இருக்கு. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்னு சொன்னா உங்களுக்குத் தெரியும். அங்க மேல மழைக்காட்டுல இருக்கிறது பழுப்பு மரநாய்னு இன்னொரு வகை. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டா உலகத்துல வேற எங்கேயும் கிடையாது. திவ்யா முத்தப்பான்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1990-கள்ல அந்த மலையில தங்கி, அதோட எச்சத்தை எல்லாம் சேகரிச்சுப் படிச்சாங்க. ஐம்பதுக்கும் மேற்பட்ட வகை மரம், கொடிகளோட பழத்தை அது தின்னுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அந்தக் காட்டுல நிறைய மரம் அதை நம்பித்தான் பரவுது. மழைக்காடு உசுரோட இருந்தாத்தான் ஓடையில தண்ணி. தண்ணி வந்தாத்தான் கீழே எங்களுக்குக் குளம்.

இதனால நஷ்டமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். கோழிக்கூண்டு கதவு சரியா அடைக்கலைன்னா விடியறதுக்குள்ள றெக்கைதான் மிஞ்சும். பப்பாளி பழுத்தா நமக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிரும். மச்சுல ஒரே மூலையில மூத்திரம் பேஞ்சா பலகை ஊறி நாறும். ஆனா வாழையைப் பொறுத்தவரை ஒண்ணு சொல்றேன். நாங்க தாரைக் காயா இருக்கும்போதே வெட்டிச் சந்தைக்கு அனுப்பிருதோம். மரநாய் பழுத்ததைத்தான் தொடும். காட்டுப்பன்னி ஒரு ராத்திரியில உழுதுட்டுப் போற நஷ்டம், மயில் கொத்துற நஷ்டம் இதுக்கெல்லாம் பக்கத்துலகூட இது வராது. ஆனா பன்னியைத் தொட பயம், மயில் முருகனோட பறவை. கடைசியில கோவத்தையெல்லாம் மரநாய் மேல காட்டுதாங்க.

அப்படிக் காட்டினா என்ன ஆகும்னு எங்க தெருவுலயே பார்த்தேன். புதுசா கட்டின வீடு, உள்ளே அட்டைக் கூரை அடிச்சிருந்தாங்க. மேல சத்தம் கேக்குதுன்னு வாழைப்பழத்துல எலி பேஸ்டைத் தடவி வச்சுட்டாங்க. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்த பேஸ்டால மனுஷ உசுரே எத்தனையோ போனதால, தமிழ்நாடு அரசே அதைத் தடை செஞ்சிருக்கு. இவங்ககிட்ட பழைய டப்பா கிடந்திருக்கு. தாய் எங்கேயோ போய்ச் செத்துட்டு. மறுநாள் ராத்திரியில இருந்து மேல குட்டிங்க கத்த ஆரம்பிச்சுது. பூனைக்குட்டி மாதிரி, ஆனா அதைவிட மெல்லிசா இருக்கும் அந்தச் சத்தம். மூணு ராத்திரி கத்திச்சு. நாலாம் நாள் சத்தம் இல்லை. அதுக்குப் பொறவு வந்தது ஒரு நாத்தம் பாருங்க, அதுக்கு முன்னாடி மரநாய் நாத்தம் சந்தனம். அந்த வீட்டுப் பாட்டி சோத்தை வாங்கித் தெருவுல உக்காந்து சாப்பிட்டாங்க. கடைசியில ஆளைக் கூப்பிட்டு அட்டைக் கூரையை உடைச்சு மூணு குட்டியை எடுத்தாங்க. பேஸ்ட் தடவின மிச்சப் பழத்தைத் தின்ன தெருநாயும் செத்துட்டு.

இன்னும் சிலர் கறிக்காக அடிக்கிறதும் உண்டு. ஆஸ்துமாவுக்கு நல்லது, மூலத்துக்கு நல்லதுன்னு ஒரு பேச்சு. நல்லதுன்னு எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்து நான் பார்க்கலை. 1972-ல வந்த வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துல மரநாயும் பாதுகாக்கப்பட்ட பிராணி. அனுமதி இல்லாம பிடிச்சாலும் அடிச்சாலும் கேஸ்தான்.

"சரி, கொல்ல வேண்டாம் அண்ணாச்சி. கூண்டு வச்சுப் பிடிச்சுக் களக்காட்டு மலையில கொண்டு விட்டுரலாம்ல?" இது நல்ல மனசு உள்ளவங்க கேக்குற கேள்வி, அதனால பொறுமையா பதில் சொல்றேன். ஒண்ணு, மேல மழைக்காட்டுல இருக்கிறது வேற சாதி மரநாய்னு சொன்னேன். ஊர்ல பப்பாளியும் பனம்பழமும் தின்னு வளர்ந்ததுக்கு அங்க எந்த மரம் எப்போ பழுக்கும்னு தெரியாது, தங்கப் பொந்து கிடையாது. ரெண்டு, நீங்க பிடிச்சது தாயா இருந்தா குட்டிங்க மேலேயே கிடக்கும், எங்க தெருக் கதைதான். மூணு, ஓட்டை அப்படியேதான் இருக்கும். ஓட்டை இருக்கிற வரைக்கும் அடுத்த மரநாய்க்கு அது வாடகைக்கு விட்ட வீடு மாதிரி.

அதனாலதான் கொத்தனார். செய்ய வேண்டியது இவ்வளவுதான். சாயங்காலம் இருட்டினதும் வெளியே நின்னு அது எந்த வழியா இறங்குதுன்னு பாருங்க. ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சிரும். மேல குட்டிச் சத்தம் கேக்குதான்னு காது கொடுங்க. ஈத்துக்கு ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் குட்டி போடும். குட்டி இருந்தா அதுங்க தாயோட வெளியே நடமாடுற வரைக்கும் விட்டுருங்க. ஒண்ணு ரெண்டு மாசம் பிடிக்கும், பொறுத்துத்தான் ஆகணும். குட்டி இல்லைன்னா, இல்லை குட்டியும் கிளம்பிட்டதுன்னா, மச்சுல ஒரு பல்பைப் போட்டு விடுங்க, ரேடியோவைப் பாட விடுங்க. வெளிச்சமும் சத்தமும் அதுக்கு ஆகாது, வேற இடம் பார்க்கும். அது வெளியே போன ராத்திரி ஓட்டையைக் கம்பிவலை வச்சு மறைங்க, காலையில சிமெண்ட் பூசுங்க. கூரை மேல சாஞ்சு கிடக்கிற கிளையைக் கழிச்சு விடுங்க. கோழிக்கூண்டுக்கு நல்ல கொண்டி போடுங்க. மிச்சம் மீதிச் சோறு, பழத்தோல் எதையும் ராத்திரி வெளியே கொட்டாதீங்க.

கையால மட்டும் தொடாதீங்க. குட்டி அழகா இருக்குன்னு தூக்குறது, போட்டோ எடுக்க மூலையில மடக்குறது இதெல்லாம் வேண்டாம். மடக்கினா கடிக்கும். கடிச்சா சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு, நேரா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுருங்க. சுண்ணாம்பு, மஞ்சள்னு வைத்தியம் பார்க்காதீங்க. கிணத்துல விழுந்து கிடந்தாலோ அடிபட்டுக் கிடந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்க. அதுக்கு அவங்க வருவாங்க.

இவ்வளவு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எங்க பக்கம் மரநாய்க்கு ஒதுங்க இருந்த இடம் ஒவ்வொண்ணா போகுது. ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்துட்டு. பொந்து விழுந்த வயசான பனையெல்லாம் செங்கல் சூளைக்கு விறகாப் போயிட்டு. விளை பிளாட் ஆகி, நட்ட கல்லுக்கு மஞ்சள் பெயிண்ட் அடிச்சிருக்கு. 2021-ல வேளாண்மைக்குன்னு தனியா போட்ட பட்ஜெட்ல, பனையை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு சொன்னாங்க, 76 லட்சம் பனை விதை கொடுக்கப் போறோம்னும் சொன்னாங்க. நல்ல காரியம். ஆனா இன்னைக்கு ஊனுற பனை வளர்ந்து பொந்து விழ எத்தனை வருஷம் ஆகும்? அதுவரைக்கும் அது உங்க அட்டைக் கூரையைத்தான் தேடி வரும். நாலுவழிச்சாலையில ராத்திரி குறுக்கே ஓடி அடிபட்டுக் கிடக்கிறதையும் விடியக்காலம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

காபிக் கொட்டையை மரநாய் தின்னு போட்ட காபின்னு ஆயிரக்கணக்குல ரூபாய் கொடுத்துக் குடிக்கிற ஆளும் பட்டணத்துலதான் இருக்காங்க. இந்தோனேசியாவுல அதுக்காக அதைக் கூண்டுல அடைச்சுக் காபிப் பழத்தையே போட்டு வளர்க்குறாங்களாம். அந்தக் கூண்டும் வேண்டாம், மச்சுல வைக்கிற கூண்டும் வேண்டாம்.

உங்க வீட்டு மேல சத்தம் கேட்டா முதல் வேலையா ஓட்டை எங்கேன்னு பாருங்க. வாட்டர் டேங்க் குழாய் இறங்குற இடம், ஏசி குழாய்க்காகத் துளைச்ச இடம், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவுல உள்ள சந்து, இந்த மூணுல ஒண்ணாத்தான் இருக்கும். அரை மூட்டை சிமெண்ட், ஒரு முழம் கம்பிவலை, கொத்தனாருக்கு அரைநாள் கூலி. மழைக்கு முன்னாடி முடிச்சிட்டீங்கன்னா ஒழுகலும் நிக்கும்.