வீட்டோடு ஒரு கைத்தொழில்: காளானுக்கு எந்த அடுப்பு?



சென்ற இதழில் சிப்பிக் காளானைப் பற்றி எழுதிய பின் எங்களுக்கு வந்த கடிதங்களில் அநேகமானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. டண்டினோங்கில் இருக்கும் ஒரு அக்கா இப்படி எழுதியிருக்கிறார்: "தம்பி, வைக்கோல் அவிக்கிறதுக்கு ஒரு மெஷின் இருக்காம். ஆயிரத்து இருநூறு டொலர் சொல்லுகினம். இவர் ஓவர்டைம் செய்த காசு கொஞ்சம் கிடக்குது. வாங்கட்டோ?"

அக்கா, வாங்க வேண்டாம். இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்த முறைப் பக்கம் முழுவதும்.

இலங்கையில் காளான் செய்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பரல் ஞாபகம் இருக்கும். அடியில் தண்ணீர், அதற்கு மேல் ஒரு தட்டு, தட்டின் மேல் றப்பர் மரத்தூள் நிரப்பிய பைகள். வாயைச் சாக்கால் மூடிக் கட்டி, கீழே விறகை வைத்து மணிக்கணக்காக எரிப்பார்கள். அதைக் கண்ட கண்ணுக்கு, இங்கேயும் அப்படி ஒன்று இல்லாமல் காளான் வராது என்று தோன்றுவது நியாயம்தான். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் அங்கே ஏன் அப்படி அவிக்கிறார்கள்? மரத்தூளில் சத்துப் போதாது. அதனால் அரிசித் தவிடு சேர்க்கிறார்கள். தவிடு காளானுக்கு எவ்வளவு விருப்பமோ, பூசணத்துக்கும் அவ்வளவு விருப்பம். எனவே உள்ளே இருக்கும் கிருமி எல்லாவற்றையும் கொன்றாக வேண்டும். சாதாரண நீராவி 100 பாகைக்கு மேல் ஏறாது. ஏறாத சூட்டை நேரத்தால் ஈடு செய்கிறார்கள், அவ்வளவுதான்.

வைக்கோலின் கதை வேறு. கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை மிகச் சுலபமானது. வைக்கோலைச் சிறு துண்டுகளாக வெட்டி, நாலைந்து மணித்தியாலம் ஊறவைத்து, முக்கால் மணி தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரை கொதிநீரில் வைத்து எடுத்து, கையால் பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு உலர்த்தினால் போதும். இதற்குப் பெரிய மெஷின் ஒன்றும் கிடையாது. கொதிக்கவிடாமல் 65 முதல் 80 பாகைக்குள் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் வைத்தாலும் வேலை நடக்கும். அந்தச் சூட்டில் பூசணமும் பூச்சி முட்டைகளும் சாகும். சூட்டைத் தாங்கும் சில நல்ல பக்ரீரியாக்கள் தப்பிவிடும். அவை தப்புவது எங்களுக்கு நல்லது. எல்லாவற்றையும் கொன்ற வைக்கோல் ஆளில்லாத வீடு மாதிரி. முதலில் வருகிறவன் உள்ளே போய் இருந்துவிடுவான். இது எப்படி என்று எங்கள் சனத்துக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே முதலில் பையை எதனால் நிரப்பப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். இங்கே தோட்டச் சாமான் கடைகளில் கரும்புத் தோகையை நறுக்கிப் பொதியாக விற்கிறார்கள். பூமரங்களுக்கு அடியில் போடுவதற்கானது. சிப்பிக் காளானுக்கு அது நல்ல தீனி, வெட்டுகிற வேலையும் மிச்சம். மருந்தோ உரமோ கலக்காததாகப் பார்த்து எடுங்கள். லூசேர்ன் வேண்டாம். அதில் நைதரசன் அதிகம், சூடு போதாவிட்டால் நாறிவிடும்.

இதை அவிக்க எங்கள் வீட்டில் இருப்பது 20 லீற்றர் மின்சாரத் தேநீர்ப் பானை. கோயிலிலும் மண்டபத்திலும் தேநீருக்கு வைப்பார்களே, அதேதான். பழஞ்சாமான் கடையில் முப்பத்தைந்து டொலருக்கு எடுத்தோம். வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். சூடாக்கும் கம்பி வெளியே தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வைக்கோல் அதில் ஒட்டிக் கருகும். கம்பி அடியில் மறைந்திருப்பதே நல்லது. ஒரு கிலோ காய்ந்த தோகையை ஊறவைத்துப் பழைய தலையணை உறைக்குள் அடைத்து, மேலே ஒரு பாரம் வைத்து அமிழ்த்திவிடுவோம். 20 லீற்றர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 75 பாகைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய ஒன்றரை யூனிற் மின்சாரம் போகும். உங்கள் பில்லைப் பார்த்து நீங்களே பெருக்கிக் கொள்ளலாம்.

அதுவும் வேண்டாம் என்றால், குளிர்பானம் வைக்கும் எஸ்கிப் பெட்டி போதும். கேத்திலில் கொதிக்கவைத்து ஊற்றி இறுக்கி மூடினால் சூடு நிற்கும். ஆனால் எந்த வழியானாலும் ஒரு வெப்பமானி இல்லாமல் தொடங்க வேண்டாம். ஒன்றரை மணித்தியாலம் கழித்துத் திறந்து பார்க்கும்போது 65 பாகைக்குக் கீழே போயிருந்தால் அன்றைய வேலை வீண். பத்துப் பதினைந்து டொலர் சாமான் இது. நாங்கள் முதலில் வாங்கியிருக்க வேண்டியது இதை. கடைசியாகத்தான் வாங்கினோம்.

பிறஷர் குக்கர் எப்போது தேவை? நீங்களே கோதுமையில் காளான் வித்துத் தயாரிக்கப் போனால் மட்டும். நாங்கள் வேலை செய்யும் இடத்தில் ரின்னில் அடைத்த உணவை அவிக்கும் பெரிய இரும்புப் பாத்திரம் இருக்கிறது. அதன் முள் 121 பாகையில் நிற்க வேண்டும். நின்ற பிறகுதான் நேரம் எண்ணத் தொடங்குவோம். குசினிக் குக்கரும் இதே கணக்குத்தான். பதினைந்து இறாத்தல் அமுக்கத்தில் 121 பாகை. இந்தியக் கடைகளில் விற்கும் வெயிற் வைத்த குக்கர்கள் ஏறக்குறைய அந்த அமுக்கத்துக்குச் செய்யப்பட்டவை. மின்சாரக் குக்கர்கள் சாதாரணமாக அதை எட்டுவதில்லை. தானியப் போத்தலுக்கு ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். ஐந்து லீற்றர் குக்கரில் அவ்வளவு நேரத்துக்குள் தண்ணீர் வற்றிவிடும் பயம் உண்டு. பெரிய குக்கர், நிறையத் தண்ணீர், வெயிற் இலேசாக அசையும் அளவுக்குச் சின்ன நெருப்பு. இறப்பர் வளையமும் பாதுகாப்பு வால்வும் பழுதென்றால் அந்தக் குக்கரைத் தொடவே வேண்டாம். பொலித்தீன் பை இதற்குள் உருகிவிடும். பொலிப்புறொப்பிலீன் பைதான் தாங்கும். தொடங்குகிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? இங்கேயே தயாரித்த வித்தை வாங்குங்கள். ஊரிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவர நினைக்க வேண்டாம். விமான நிலையத்தில் பிடித்தால் தண்டம்.

இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். எழுதுவதா விடுவதா என்று வீட்டில் இரண்டு நாள் கதைத்தோம்.

மெல்பேர்ணுக்கு வந்த இரண்டாவது குளிர்காலம். ஊரில் பார்த்த ஞாபகத்தில் ஒரு பழைய பரலைப் பிடித்தோம். பாபிகியூவுக்கு வைக்கும் காஸ் அடுப்பை அதன் கீழ் வைத்தோம். வெளியே மழையும் காற்றும். நெருப்பு நூர்ந்து நூர்ந்து போனது. அதனால் எல்லாவற்றையும் கராஜுக்குள் இழுத்து, உருளைக் கதவை ஒரு சாண் விட்டு இறக்கிவிட்டோம். அந்த வீட்டில் சூடான இடம் அன்று அது ஒன்றுதான். சின்னவள் தன் வீட்டுப் பாடத்தைக் கொண்டுவந்து பரலுக்குப் பக்கத்தில் இருந்து எழுதினாள்.

இரண்டு மணித்தியாலத்தில் தலையிடிக்குது என்றாள். தடிமன் என்று நினைத்துப் பனடோல் கொடுத்தோம். பிறகு அவளுடைய தாய்க்குச் சத்தி. எங்களுக்கு நித்திரை நித்திரையாக வந்தது. நீராவி போவதைப் பார்த்து விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவர்தான் கதவை முழுக்கத் தூக்கி, கத்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். அன்றிரவு வைத்தியசாலையில் மூன்று பேருக்கும் ஒட்சிசன்.

காபனோரொட்சைட்டு. ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் பாடமாக்கியதுதான். மணமில்லை, நிறமில்லை என்று சோதனையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறோம். காஸோ, கரியோ, விறகோ, எரிகிற எதையும் வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் வைக்காதீர்கள். கதவு கொஞ்சம் திறந்திருக்கிறதே என்று எண்ண வேண்டாம். எங்கள் கதவும் திறந்துதான் இருந்தது. வாடகை வீட்டில் காஸ் ஹீற்றர் இருந்தால் அதையும் கவனியுங்கள். விக்டோரியாவில் 2021 மார்ச் 29க்குப் பிறகு தொடங்கிய வாடகை ஒப்பந்தங்களில், காஸ் சாதனங்களை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பிப்பது வீட்டுக்காரரின் கடமை. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். மின்சாரத்திலும் ஒரு வார்த்தை: சாதாரண பிளக் ஒன்று 10 அம்பியர், அதாவது 2400 வாற் தான் தாங்கும். தேநீர்ப் பானையையும் ஹீற்றரையும் ஒரே பவர்போட்டில் குத்த வேண்டாம்.

அந்தப் பரலில் அவித்த பைகளிலும் பாதி பச்சைப் பூசணம் பிடித்துவிட்டது. பரலில் முந்தி என்ன இருந்ததோ தெரியாததால் மிச்சத்தையும் எறிந்தோம்.

"அறையைச் சூடாக்க ஹீற்றர் வேண்டுமா?" என்று சிட்னியிலிருந்து ஒருவர் கேட்கிறார். வேண்டாம், அண்ணை. காலநிலைக்கு ஏற்ற காளானைத் தேடுங்கள். சிட்னிக்குத் தென்மேற்கே மிற்றகொங்கில், 1866 இல் கட்டிய பழைய ரயில் சுரங்கத்துக்குள் பல ஆண்டுகள் சிப்பிக் காளானும் ஷிற்றாக்கேயும் வளர்த்தார்கள். சுரங்கத்தின் குளிர்ச்சிதான் அவர்களுக்கு வசதி. சாம்பல் நிறச் சிப்பிக் காளான் குளிரிலேயே நன்றாக வரும். இளஞ்சிவப்பு நிறமானது கோடைக்கு. அருப்புக்கோட்டையில் உருவாகி 1998 இல் வெளிவந்த பால் காளான் இனம் 30, 35 பாகை கேட்கும். மெல்பேர்ண் குளிரில் அதை வைத்து ஹீற்றர் போட்டால் மின்சார பில்தான் வளரும். வித்துப் பரவும் முதல் இரண்டு மூன்று கிழமைக்கு மட்டும் இளஞ்சூடு வேண்டும். குளிர்ப்பெட்டிக்கு மேலே உள்ள இடமே போதும். காய்க்கத் தொடங்கியதும் படுக்கையறைப் பக்கம் வைக்க வேண்டாம். அதன் தூள் இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

டண்டினோங் அக்கா, அந்த ஓவர்டைம் காசில் ஒரு வெப்பமானியும் ஒரு எஸ்கியும் வாங்கினாலும் ஆயிரத்துக்கு மேல் மிஞ்சும். அடுத்த இதழில் பையில் துளை போடுவதையும் வித்துக் கலப்பதையும் எழுதுகிறோம். அதற்குள் தோகைப் பொதி ஒன்றை வாங்கி நனையாத இடத்தில் வைத்திருங்கள்.