பழைய கேம்ஷாஃப்ட்: பார்த்து வாங்காதீர்கள், அளந்து வாங்குங்கள்

மாணவர்களே, சுங்கை ரம்பாய் போன்ற ஊர்களில் பழைய காரை ஓட்டத்தில் வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. 1985இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எஞ்சின் ஜப்பானிய மிட்சுபிஷி வடிவமைப்பு. இத்தகைய காருக்கு எஞ்சின் பாகம் வேண்டுமென்றால் பலரும் ‘ஹாஃப்-கட்’ கடையைத்தான் நாடுகிறார்கள். “பழைய சாமான் என்றால் அதிர்ஷ்டம்தான்” என்று சொல்லியே வாங்குகிறார்கள். கேம்ஷாஃப்ட்டைப் பொறுத்தவரை இந்தப் பேச்சை நான் ஏற்கமாட்டேன். அங்கே வேண்டியது அதிர்ஷ்டம் அல்ல, அளவுகோல்.

கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவ மேடுகள் கொண்ட இரும்புத் தண்டு. ஒவ்வொரு மேடும் சுழன்று வந்து வால்வைத் திறக்கிறது. நான்கு வீச்சு எஞ்சினில் இது கிராங்க்ஷாஃப்ட்டின் பாதி வேகத்தில் சுழலும். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடினால் கேம்ஷாஃப்ட் 1500 சுற்று; அதாவது ஒரு வால்வு விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. மேட்டின் மேற்பரப்பு மட்டும் கடினமாக்கப்பட்டிருக்கும். எண்ணெய் குறைந்து அந்தத் தோல் தேய்ந்துவிட்டால், உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வேகமாகக் கரையும்.

முதல் வேலை அடையாளம் காண்பது. தண்டில் உள்ள எழுத்தும் எண்ணும் அது எந்த எஞ்சினுக்கு உரியது என்று சொல்லும். எவ்வளவு தேய்ந்தது என்று சொல்லாது. எழுத்தோடு நிறுத்தாமல் மேடுகளின் எண்ணிக்கை, தாங்கும் கழுத்துகளின் எண்ணிக்கையும் விட்டமும், பல்சக்கரம் பொருந்தும் முனை ஆகியவற்றைப் பழையதோடு ஒப்பிடுங்கள். புதிய வகை எஞ்சின்களில் சென்சாருக்கான அடையாளப் பற்களும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்டு பொருந்தினாலும் எஞ்சின் சரியாக ஓடாது.

இரண்டாவது வேலை அளப்பது. மேட்டின் உச்சியோடு சேர்த்து முழு உயரத்தை அளந்து, அதிலிருந்து அடிவட்டத்தின் விட்டத்தைக் கழியுங்கள். எடுத்துக்காட்டாக, 37.0 மில்லிமீட்டரில் 31.5 போனால் 5.5. இதுவே அந்த மேட்டின் தூக்கல். பக்கத்து மேடு 4.9 காட்டினால்? உள்ளிழுப்பு மேடுகள் எல்லாம் ஒரே அளவாகவும், வெளியேற்று மேடுகள் எல்லாம் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். ஆகவே அந்தத் தண்டே உங்களுக்கு முதல் சாட்சி. எல்லா மேடுகளும் ஒரேபோல் தேய்ந்திருக்கவும் கூடும் என்பதால், கடைசித் தீர்ப்புக்கு அந்த எஞ்சினின் பழுதுபார்ப்புக் கையேட்டைப் பாருங்கள். “வால்வு இடைவெளியைச் சரிசெய்தால் போதும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இடைவெளியைத் திருகி மாற்றலாம். தேய்ந்துபோன தூக்கல் அப்படித் திரும்பி வராது.

பள்ளி ஆய்வுக்கூடத்து மைக்ரோமீட்டர் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் வரைதான் விரியும். இந்த வேலைக்கு 25 முதல் 50 வரை அளப்பது வேண்டும். முதல் சோதனைக்கு வெர்னியர் காலிப்பர் போதும்.

மூன்றாவது, தண்டு தனி ஆள் அல்ல. தட்டையான டேப்பெட் தன் மேட்டோடு சேர்ந்தே தேய்ந்து பழகியிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும். கழற்றும்போதே எண் எழுதி வையுங்கள். குழி விழுந்த மேடும் வளைந்த தண்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மலிவு தண்டு நல்ல டேப்பெட்டையும் தின்றுவிட்டால் அது சிக்கனம் ஆகாது.

“படிப்பு வராதவன்தான் பட்டறைக்குப் போவான்” என்று நம்மவர்கள் இன்றும் சொல்கிறார்கள். மேலே சொன்ன வேலையில் வடிவியல், உராய்வு, உலோகவியல், அளவீட்டுப் பிழை எல்லாம் இருக்கின்றன. தேர்வுத் தாளில் எழுதினால் அறிவியல், எண்ணெய்க் கையோடு செய்தால் கூலிவேலை என்று பிரிப்பது என்ன நியாயம்? உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்: பட்டறையில் ஒதுக்கிய ஒரு கேம்ஷாஃப்ட்டை வகுப்பறைக்குக் கொண்டுவரலாமா என்று. எல்லா மேடுகளையும் அளந்து அட்டவணை போடுங்கள். அது பயன்படுமா, பழைய இரும்புக்குப் போகவேண்டியதா என்பதை நீங்களே காரணத்தோடு எழுதுங்கள்.