பதினாறு டெராபைட் பேராசை!

இன்டர்னல் மார்க்கெல்லாம் எப்படி வந்திருக்கு? சரி, விடுங்க. கேட்டது தப்புதான்.

இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ். ஏன்னா, இது நான் சொதப்பின கதை. போன வாரம் வரைக்கும் உங்களுக்கு அட்வைஸ் மழை பொழிஞ்ச இதே ஆள், ஒரு கல்யாண வீடியோவைத் தொலைச்சுட்டு நிக்கிறேன். அதுவும் என் வீட்டுக் கல்யாணம்கூட இல்லை. என் ரூம்மேட்டோட அக்கா கல்யாணம்!

ரூம்மேட் பேரைச் சொன்னா அடிப்பான். அதனால ‘சாம்பார்’னு வெச்சுக்குவோம்.

ஹாஸ்டல் ரூம்ல நாங்க நாலு பேர். நாலு பேர் லேப்டாப்பும் எப்பவும் ஃபுல். சினிமா, சீரீஸ், சீனியர் கொடுத்த லேப் ரெக்கார்டு, எவனோ எப்பவோ ஏத்தி வெச்ச கேம்னு நிறைஞ்சு வழியும். ‘பொதுவா ஒரு பெரிய டிஸ்க் வாங்கிப் போடுவோம்டா’ன்னு ஒரு வருஷமா பேசிட்டே இருந்தோம். அப்பதான் ஒருநாள் ராத்திரி ஒரு வெளிநாட்டு சைட்ல அதைப் பார்த்தேன். 16 டெராபைட் போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி. விலை 29 டாலர். பழைய விலையை அடிச்சு, பக்கத்துலயே ‘இன்னும் 2 மணி நேரம்தான்’னு ஒரு கடிகாரம் ஓடிட்டு இருந்துச்சு.

உங்களுக்கு இப்பவே சிரிப்பு வருதுல்ல? எனக்கு அப்ப வரலை, பாஸ். மூணாம் வருஷம் இன்ஜினீயரிங் படிக்கிறேன். மெமரி சிப் எப்படி வேலை செய்யுதுன்னு 13 மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதினவன். ஆனா, ‘ஆஃபர்’ங்கிற வார்த்தையைப் பார்த்ததும் அந்த நாலு பக்கமும் மறந்து போச்சு.

ஒரு சின்ன கணக்கு போட்டிருந்தா போதும். சாம்சங் கம்பெனி 2023 நவம்பர்ல 8 டெராபைட் போர்ட்டபிள் எஸ்.எஸ்.டி.யை அறிமுகப்படுத்தினப்ப, அதோட விலை சுமார் 650 டாலர். அதுல பாதிக் கொள்ளளவுக்கே 29 டாலர் பத்தாது. அப்படி இருக்க, ரெண்டு மடங்கை எவன் 29 டாலருக்குக் கொடுப்பான்? கிலோ வெங்காயம் 2 ரூபாய்னு சொன்னா, நம்ம அம்மா ‘அழுகலா இருக்கும், வா போலாம்’னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவாங்க. எங்க ரூம்ல அம்மா இல்லை.

29 டாலர்னா 29 டாலரா?

வாங்குறதே பெரிய கூத்து. 2020 அக்டோபர்ல இருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டுல வெளிநாட்டு ஆன்லைன் வசதியை நாமளே கேட்டுத் திறந்தாதான் வேலை செய்யும். சாம்பாரோட அப்பாவைக் கெஞ்சி, அவர் கார்டுல அதைத் திறந்தோம். 29 டாலரோட கூரியர் 9 டாலர் சேர்ந்துச்சு. டாலரை ரூபாயா மாத்துறதுக்கு வங்கி தனியா ஒரு கட்டணம் பிடிச்சுது, அந்தக் கட்டணத்துக்கும் ஜி.எஸ்.டி.

மூணு வாரம் கழிச்சு கூரியர்ல இருந்து போன். ‘ஆதார் காப்பி அனுப்புங்க. சுங்க வரி கட்டணும்.’ எங்களுக்கு அதிர்ச்சி. சீனியர் ஒருத்தர் ‘கிஃப்ட்னு போட்டா வரியே இல்லைடா’ன்னு சொல்லியிருந்தார். அவர் சொன்னது பழைய கதை. 5,000 ரூபாய் வரைக்கும் கிஃப்ட் பார்சலுக்கு வரி விலக்கு இருந்தது நிஜம்தான். வெளிநாட்டு சைட்கள் கடைச் சரக்கையெல்லாம் கிஃப்ட்னு எழுதி அனுப்ப ஆரம்பிச்சதும், 2019 டிசம்பர்ல மத்திய அரசு அந்தச் சலுகையையே தூக்கிடுச்சு. உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விதிவிலக்கு. நாங்க வாங்கினது ராக்கி இல்லையே!

கூட்டிக் கழிச்சுப் பார்த்தா ஆளுக்கு 1,200 ரூபாய். மொத்தம் 4,800. இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா, ரிச்சி ஸ்ட்ரீட்ல பில்லோட, வாரன்டியோட ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கே வாங்கியிருக்கலாம். ஆனா, எங்ககிட்ட 16 டெராபைட் இருக்கே! கம்ப்யூட்டர்ல சொருகினோம். 16 டெராபைட்னே காட்டுச்சு. ரூமே விசில் அடிச்சுது.

முகூர்த்தத்தைக் காணோம்!

தை மாசம் சாம்பாரோட அக்காவுக்குக் கல்யாணம். வீடியோ எடுக்க வந்த அண்ணன், எடிட்டிங்கோட சேர்த்து ஒரு ரேட் சொன்னார். நான்தான் ஹீரோ மாதிரி குறுக்கே போய், ‘அங்கிள், எடுத்ததை அப்படியே வாங்கிடுங்க. எடிட்டிங் நான் பார்த்துக்கறேன்’னேன். சாம்பாரோட அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். கல்யாணக் கடன் எவ்வளவுன்னு அவர் யார்கிட்டயும் சொல்லலை. ஆனா, பந்தியில எத்தனை இலை விழுதுன்னு அவர் எண்ணிக்கிட்டே இருந்ததை நான் பார்த்தேன்.

மொத்தம் 400 ஜி.பி. வீடியோ அண்ணன் டிஸ்க்கைக் கொடுத்து, ‘தம்பி, காப்பி பண்ணிட்டு நாளைக்கே கொடுத்துடுங்க. அடுத்த முகூர்த்தத்துக்கு இதே டிஸ்க்தான்’னார். ராத்திரி முழுக்க காப்பி ஓடுச்சு. எஸ்.எஸ்.டி.ன்னு சொல்ற பொருளுக்கு ஏன் இவ்வளவு நேரம்னு அப்பவே யோசிச்சிருக்கணும். யோசிக்கலை. தூங்கிட்டோம். காலையில பார்த்தா எல்லா ஃபைலும் பேரோட, அளவோட வரிசையா இருந்துச்சு. டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தோம்.

ரெண்டு வாரம் கழிச்சு எடிட்டிங்குக்கு உட்கார்ந்தேன். மண்டப வாசல் சீரியல் லைட் ஓடுச்சு. மாப்பிள்ளை அழைப்பு ஓடுச்சு. ரிசப்ஷன்ல பாதி ஓடுச்சு. அதுக்கப்புறம் எதைத் தட்டினாலும் ‘ஃபைலைத் திறக்க முடியவில்லை’. முகூர்த்தம், தாலி கட்டினது, மெட்டி போட்டது, அக்கா அழுதது... எதுவுமே இல்லை. பேர் மட்டும் இருக்கு.

வீடியோ அண்ணனுக்கு ஓடிப்போய் போன் பண்ணினா, ‘அதை அழிச்சு மூணு கல்யாணம் எடுத்துட்டேனே தம்பி’ன்னார்.

உள்ளே என்னதான் இருந்துச்சு?

கோபத்துல ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பிரிச்சேன். அழகான அலுமினியப் பெட்டிக்குள்ள ஒரு குட்டி யு.எஸ்.பி. போர்டு, அதுல பசை போட்டு ஒட்டின ஒரு மெமரி கார்டு. நம்ம போன்ல போடுவோமே, அதே மைக்ரோ எஸ்.டி. கார்டு. நிஜக் கொள்ளளவு 64 ஜி.பி.

இது எனக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2022 ஆகஸ்ட்ல, ‘30 டெராபைட் எஸ்.எஸ்.டி.’ன்னு வெளிநாட்டுல மலிவா வித்த ஒரு பெட்டியை ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் பிரிச்சுக் காட்டினார். அதுக்குள்ளயும் பசை போட்டு ஒட்டின மெமரி கார்டுகள்தான்!

இதுல தந்திரம் எங்கே இருக்குன்னா, அந்தப் போர்டுல இருக்கிற கன்ட்ரோலர் சிப்புக்குள்ள ஓடுற சின்ன மென்பொருள்ல. ‘உன் அளவு என்ன?’ன்னு கம்ப்யூட்டர் கேட்டா, ‘16 டெராபைட்’னு கூசாம பொய் சொல்லும். எழுதச் சொன்னா, ‘எழுதிட்டேன்’னும் சொல்லும். 64 ஜி.பி. தாண்டினதும் வர்றதையெல்லாம் காத்துல விட்டுடும். சில டிரைவ்கள் முதல்ல இருந்து திரும்ப எழுதி, பழசையும் சேர்த்து அழிக்கும். ஃபைல் பேரும் அளவும் எழுதி வெச்ச பட்டியல் மட்டும் ஆரம்பத்துலயே பத்திரமா இருக்கும். அதனாலதான் எல்லாம் இருக்கிற மாதிரியே தெரியுது. ஹாஜர் பட்டியல்ல எல்லாரும் ‘பிரசன்ட்’, கிளாஸ்ல யாரும் இல்லைங்கிற மாதிரி!

(உங்க டிஸ்க் ஒரு டெராபைட்னு போட்டு, விண்டோஸ்ல 931 ஜி.பி.ன்னு காட்டினா பயப்படாதீங்க. அது மோசடி இல்லை. கம்பெனி ஆயிரத்தால பெருக்கிக் கணக்கு போடுது, விண்டோஸ் 1,024-ஆல போடுது. அவ்வளவுதான்.)

அப்ப வெளிநாட்டு டிஸ்க்கே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். நிஜமான மலிவும் உண்டு. 2011 கடைசியில தாய்லாந்து வெள்ளத்துல ஹார்டு டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கி, உலகம் முழுக்க விலை எகிறுச்சு. அப்ப அமெரிக்காவுல ‘பேக்பிளேஸ்’ங்கிற சேமிப்பு நிறுவனம் ஒரு விஷயத்தைக் கவனிச்சுது. உள்ளே மாட்டுற டிஸ்க்கைவிட, பெட்டி போட்டு விக்கிற எக்ஸ்டர்னல் டிஸ்க் விலை குறைவு. கடையில ஆளுக்கு ரெண்டுதான்னு சொன்னதால, ஊழியர்களையும் அவங்க சொந்தபந்தங்களையும் கடை கடையா அனுப்பி வாங்கி, பெட்டியை உடைச்சு டிஸ்க்கை எடுத்துக்கிட்டாங்க. சோளத்துக்கு மட்டை உரிக்கிற மாதிரி உரிக்கிறதால, அங்கே இதுக்கு ‘ஷக்கிங்’னே பேர். பெட்டியை உடைச்சா வாரன்டியில தகராறு வரலாங்கிறதை மட்டும் மறந்துடாதீங்க.

ஆனா, பேர் பெற்ற கம்பெனி டிஸ்க்னாலும் கண்ணை மூடிட்டு வாங்க முடியாது. 2025 ஜனவரியில ஜெர்மனியோட ‘ஹெய்ஸ்’ ஊடகம் ஒரு விவகாரத்தை வெளியே கொண்டுவந்துச்சு. புதுசுன்னு வித்த சீகேட் டிஸ்க்குகள்ல நிறைய, ஏற்கெனவே பல ஆயிரம் மணி நேரம் ஓடின பழசு. சிலது 15,000 மணி நேரத்துக்கு மேல. அதாவது, இரவு பகலா ஒன்றே முக்கால் வருஷம்! சீனாவுல ‘சியா’ங்கிற கிரிப்டோ நாணயத்துக்காக ஓடினதா இருக்கலாம்னு சந்தேகம். அந்த டிஸ்க்குகளைத் தாங்கள் விக்கலைன்னு சீகேட் சொல்லிடுச்சு. நடுவுல யாரோ, எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு காட்டுற ‘ஸ்மார்ட்’ கணக்கை அழிச்சு பூஜ்யமாக்கியிருக்காங்க. ஆனா, ‘ஃபார்ம்’னு டிஸ்க்குக்குள்ள இருந்த இன்னொரு பதிவேடு உண்மையைச் சொல்லிடுச்சு. பழைய பைக்குக்கு கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பி வெச்சு விப்பாங்களே, அதேதான்.

அதனால, என் 1,200 ரூபாய் பாடம் உங்களுக்கு இலவசம்:

1. ஒரு டெராபைட்டுக்கு எவ்வளவு ஆகுதுன்னு வகுத்துப் பாருங்க. நம்ம ஊர் விலையில பத்துல ஒரு பங்கா இருந்தா, அது ஆஃபர் இல்லை, தூண்டில்.

2. சைட் பேரை மட்டும் பார்க்காதீங்க, விக்கிறது யார்னு பாருங்க. பெரிய சைட்லயும் மூலையில கடை போட்டிருக்கிறது வேற ஆளா இருக்கலாம்.

3. கூரியர், வங்கிக் கட்டணம், சுங்க வரி மூணையும் கூட்டின பிறகு விலையை ஒப்பிடுங்க. வாரன்டி இந்தியாவுல செல்லுமான்னு கம்பெனி சைட்ல சீரியல் நம்பரைப் போட்டுப் பாருங்க. செல்லலைன்னா திருப்பி அனுப்புற கூரியர் செலவும் உங்க தலையிலதான்.

4. டிஸ்க் வந்ததும் காலியா இருக்கும்போதே சோதிங்க. விண்டோஸ்ல ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’, லினக்ஸ்ல ‘எஃப்3’. ரெண்டும் இலவசம். டிஸ்க் முழுக்க எழுதி, எழுதினதைத் திரும்பப் படிச்சு, நிஜ அளவைச் சொல்லிடும். நேரம் ஆகும். பரவாயில்லை, ஆகட்டும்.

5. காப்பி பண்ணினதும் பேரைப் பார்த்துத் திருப்திப்படாதீங்க. முதல் ஃபைல், நடு ஃபைல், கடைசி ஃபைல் மூணையும் திறந்து பாருங்க.

6. இதுதான் முக்கியம். மூணு பிரதி, ரெண்டு விதமான சேமிப்பு, அதுல ஒண்ணு வேற இடத்துல. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கின விதி இது. ஒரிஜினலைத் திருப்பிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இந்த விதியை ஒரு தடவை நினைச்சிருந்தா, நான் இந்தக் கட்டுரையே எழுத வேண்டியதில்லை.

அப்புறம் என்ன ஆச்சு?

டிஸ்க்கை வித்தவங்களுக்கு மெயில் போட்டோம். ‘திருப்பி அனுப்புங்க, பணம் தர்றோம்’னாங்க. திருப்பி அனுப்புற செலவு டிஸ்க் விலையைவிட அதிகம். அவங்களுக்கு அது நல்லாவே தெரியும்.

அக்காகிட்ட போய்ச் சொன்னேன். போன்ல சொல்லாம, பஸ் ஏறி நேர்லயே போய்ச் சொன்னேன். அவங்க திட்டலை. ‘காபி குடிச்சிட்டுப் போ’ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க. அந்தக் காபி என் தொண்டையில இறங்கலை.

அதுக்கப்புறம் நானும் சாம்பாரும் சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா போன் பண்ணி, அவங்கவங்க செல்போன்ல எடுத்ததைக் கேட்டு வாங்கினோம். மாமா, சித்தி, பக்கத்து வீடு, மேளக்காரர்னு யாரையும் விடலை. தாலி கட்டுறது ஒரு அத்தையோட போன்ல இருந்துச்சு. நடுவுல ஒருத்தரோட வழுக்கைத் தலை மறைச்சாலும், இருந்துச்சு. எல்லாத்தையும் சேர்த்து ஒட்டினா 40 நிமிஷம் தேறுச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு அக்கா போன் பண்ணினாங்க. முதல் கேள்வியே, ‘டேய், பாட்டி எதுலயாவது இருக்காங்களா?’ங்கிறதுதான். பாட்டிக்கு இப்ப நடமாட்டம் இல்லை. கல்யாணத்துக்கு வந்ததுதான் அவங்க கடைசியா வெளியே வந்தது.

இருந்தாங்க. ஒரு வாண்டு எடுத்த வீடியோவுல, 18 செகண்ட். கை நடுங்க அட்சதை தூவுறாங்க. பாதி மடியிலயே விழுது.

அந்த 18 செகண்ட் இப்ப என் லேப்டாப்ல இருக்கு. சாம்பாரோட பென்டிரைவ்ல இருக்கு. அக்கா வீட்டுலயும் இருக்கு. மூணையும் திறந்து பார்த்துட்டேன்.

உங்க வீட்டுலயும் அப்படி ஏதாவது ஒரே ஒரு இடத்துல மட்டும் இருக்கும். இந்தப் பக்கத்தை மடிச்சு வெச்சுட்டு முதல்ல அதை காப்பி பண்ணுங்க. அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!