உயரத்துக்கு ஓர் அளவு வேண்டும்

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கேரள நாட்டை வெள்ளம் சூழ்ந்தபோது, ஸ்பிரிங்கை உயர்த்திப் பெரிய டயர் மாட்டிய மலைவண்டிகள் பல, சாதாரண மோட்டார்கள் நுழைய அஞ்சிய சாலைகளில் இறங்கி, சிக்கிய ஜனங்களைக் கரையேற்றின. அவற்றை ஓட்டிய இளைஞர்களை ஊரார் வாழ்த்தினர். அதற்குப் பின் ஐந்து மாதங்கூடக் கழியவில்லை. 2019 ஜனவரி 9ஆம் தேதி, அதே கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கச் சொந்தக்காரருக்கு உரிமையில்லை என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே பார்லிமெண்டு நிறைவேற்றிய திருத்தச் சட்டமோ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனை விதித்தது. வெள்ளத்தில் வீரனாக இருந்தவன் மறுநாள் சாலையில் குற்றவாளியாக நிற்கக்கூடிய நிலைமை இவ்வாறு ஏற்பட்டது.

தீர்ப்பைக் குறை கூற நாம் முன்வரவில்லை. சட்டம் எழுதப்பட்டிருக்கிறபடியே நீதிபதிகள் பொருள் கூறினார்கள். நாம் குறை காண்பது சட்டத்திலுள்ள ஓர் இடைவெளியில்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் அமைப்பை மாற்றுவதே 'மாற்றம்' என்று விளக்கம் தருகிறது. ஒரு பிக்கப் வண்டியை ஓர் அங்குலம் உயர்த்தினால் அடிப்படை அம்சம் மாறிற்றா? இரண்டு அங்குலத்தில் மாறுமா? ஆறு அங்குலத்தில் மாறுமா? இப்பிரிவில் அங்குலமும் இல்லை, மில்லிமீட்டரும் இல்லை. ஆகவே, அளவுகோல் சட்டப் புத்தகத்தில் இராமல், சாலையில் வண்டியை நிறுத்துகிற அதிகாரியின் அபிப்பிராயத்தில் இருக்கிறது. ஓர் ஊரில் குற்றமில்லை என்று விடப்பட்ட வண்டி அடுத்த ஊரில் குற்றமாகிவிடலாம். இது சட்டத்தின் ஆட்சிக்கு அழகன்று.

அளவு ஏன் இன்றியமையாதது என்பதை உணர, உயர்த்துவதால் விளையும் நன்மை தீமைகளை முதலில் அறிந்துகொள்வது அவசியம். கடைக்காரர்கள் 'லிப்ட் கிட்' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்களை விற்கிறார்கள். சட்டத்துக்கும் கூண்டுக்கும் இடையே கட்டைகளை வைத்து உடலை மட்டும் தூக்குவது ஒருவகை. அது டயருக்கு இடம் தரும். அடிச்சட்டத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை ஒரு நூலிழையும் கூட்டாது. ஸ்பிரிங்கின் மேல் ஒரு வட்டத்துண்டைச் செருகி உயர்த்துவது இன்னொரு வகை. ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்து, தக்க நீளத்திலும் பலத்திலும் மாற்றுவது மூன்றாவது வகை. விலை அதிகமெனினும் மேடு பள்ளத்தில் ஒழுங்காக வேலை செய்வது பெரும்பாலும் இதுவே.

ஆனால் பலரும் அறியாத ஓர் உண்மை உண்டு. பின்புறம் ஒரே இருசு கொண்ட பிக்கப்பில், ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த இருசும் அதன் நடுவே தொங்கும் டிபரன்ஷியல் கூடும் முன்பிருந்த உயரத்திலேயே இருக்கும். பாறை முட்டுவது பெரும்பாலும் அங்கேதான். அதை உயர்த்த வல்லது டயர் ஒன்றே. ஆகையால், 'எவ்வளவு உயர்த்தலாம்?' என்று தொடங்குகிறவர் தலைகீழாகத் தொடங்குகிறார். 'என் பாதைக்கு எந்த டயர் வேண்டும்? அந்த டயர் உரசாமல் சுழலக் குறைந்தபட்சம் எவ்வளவு உயரம் போதும்?' என்பதே சரியான வரிசை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டயரின் பக்கத்தில் 265/65 ஆர் 17 என்று எழுதியிருந்தால், அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவிகிதம். உள்ளிருக்கும் இரும்பு வட்டத்தின் விட்டம் 17 அங்குலம். இதன் மொத்த விட்டம் சுமார் 776 மில்லிமீட்டர். மலைப்பிரியர்கள் விரும்பும் 285/70 ஆர் 17 சுமார் 831 மில்லிமீட்டர். வித்தியாசம் ஏறக்குறைய 55 மில்லிமீட்டர். ஆனால் இருசு உயர்வது இதில் பாதியே, அதாவது 27 மில்லிமீட்டர் மாத்திரம். ஓர் அங்குலத்துக்குச் சற்றே அதிகமான இந்த லாபத்துக்குச் சொந்தக்காரர் கொடுக்கும் விலை என்ன?

வேகமானி நூறு என்று காட்டும்போது வண்டி நூற்றேழில் ஓடுகிறது. இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள கியர் விகிதம் ஏழு சதவிகிதம் தளர்ந்து, ஏற்றத்தில் இழுக்கும் சக்தி குறைகிறது. சக்கரம் பளுவானதால் பிரேக்குக்கு வேலை கூடுகிறது. வண்டியடியில் மாட்டும் ஸ்டெப்னி, அதற்கென அமைந்த இடத்தில் புகுமா என்பதும் சந்தேகம். இவற்றுடன் ஸ்பிரிங்கையும் மிகையாக உயர்த்தினால், முன்சக்கரத்துக்குச் சுழற்சி தரும் தண்டுகள் கோணலாகி விரைவில் தேய்கின்றன. சக்கர ஒழுங்கு கெட்டு ஸ்டீயரிங் அலைகிறது. விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணைக் குத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம் அப்படியே இருக்க, பாரத்தின் மையம் மட்டும் மேலேறுவதால், திடீரென்று திருப்பும்போது வண்டி கவிழ்வது எளிதாகிறது. கவிழும் வண்டி தன் சொந்தக்காரரை மட்டும் நசுக்குவதில்லை. பக்கத்தில் செல்பவரையும் நசுக்கும். சாலை பொதுச் சொத்து. ஆகவே, 'என் வண்டி, என் இஷ்டம்' என்ற வாதத்தை நாம் ஒருபோதும் ஏற்க முடியாது.

அமெரிக்கப் பாலைவனத்தில் புழுதி கிளப்பும் வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, மாம்பலத்துத் தெருவில் காய்கறி வாங்கச் செல்லும் வண்டியை ஆறு அங்குலம் உயர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். அந்நிய மோகத்தில் இது ஒரு புதிய இனம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. மலைத்தோட்டத்துக்குப் பொருள் ஏற்றிச் செல்பவருக்கும் காட்டுப் பாதையில் தினமும் போய் வருபவருக்கும் தேவை மெய்யானது. அவர்களுக்குக்கூட, சேற்றையும் கல்லையும் தாங்கும் நல்ல டயரும் நிதானமான ஓட்டுதலுமே பாதி வேலையைச் செய்துவிடும். சாலையில் சதுர அங்குலத்துக்கு 35 ராத்தல் அளவில் வைத்திருந்த காற்றை மணலில் 20 ராத்தலுக்கு இறக்கினால் டயரின் பாதம் நீண்டு வண்டி மிதந்து செல்லும். சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்று நிரப்பிவிட வேண்டும். இந்த வித்தைக்கு ஒரு காசு செலவில்லை. எந்தச் சட்டமும் இதைத் தடுப்பதில்லை.

அப்படியானால் சட்டம் சொல்வதுபோல் முற்றும் தடுத்துவிடுவதே நலமன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். அன்று என்பதே நமது விடை. ஆஸ்திரேலியாவில் வண்டிகளை மாற்றியமைப்பதற்கென்றே தேசிய விதிநூல் ஒன்று இருக்கிறது. மாகாணத்துக்கு மாகாணம் எண் சிறிது மாறினும், 50 மில்லிமீட்டர் அளவிலான சிறிய உயர்த்தலுக்கு எளிய வழியும், அதற்கு மேற்பட்டதற்கு அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்றும் என்பதே அங்குள்ள பொதுவான ஏற்பாடு. பனி மூடிய ஐஸ்லாந்திலோ 38 அங்குல டயர் மாட்டிய வண்டிகள்கூடத் தனிச் சோதனையில் தேறிய பின் முறைப்படி பதிவாகிச் சாலையில் ஓடுகின்றன. அந்நாட்டார் ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். ஆபத்தை அளந்து, எல்லை குறித்து, எல்லைக்குள் சுதந்திரத்தை அனுமதித்திருக்கிறார்கள். அளவில்லாத தடை என்ன செய்கிறது? ஒழுங்காகச் செய்யத் தெரிந்த தொழிலாளியை ஒதுங்கச் செய்கிறது. பின்புற ஸ்பிரிங்கின் அடியில் கட்டைமேல் கட்டை அடுக்கி ஒப்பேற்றுகிறவனை மறைவில் வாழ வைக்கிறது. சோதனைக்குப் போனால் தண்டனை என்று தெரிந்த சொந்தக்காரர் சோதனைக்கே போகமாட்டார். விபத்து நேர்ந்தபின் இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்குக் கேட்கும்போதுதான் அவர் விழிப்பார்.

இதைச் சீர்செய்யப் புதிய சட்டமும் வேண்டியதில்லை என்பதை நமது நண்பர்கள் கவனிக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தமே 52ஆம் பிரிவில், மாற்றங்களுக்குரிய அளவுகளையும் நிபந்தனைகளையும் விதிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் அளித்திருக்கிறது. அவ்விதிகளின்படி மாற்றினால், அக்காரணத்தைக் கொண்டு தயாரிப்பாளர் தந்த உத்தரவாதம் ரத்தாகாது என்றும் அதிலேயே கண்டிருக்கிறது. கதவுக்குச் சாவி செய்தாயிற்று, திறப்பதுதான் பாக்கி. நாம் கேட்பவை மூன்று. எவ்வளவு உயரம், எவ்வளவு டயர் விட்டம் வரை தனி அனுமதி வேண்டாம் என்பதை மில்லிமீட்டரில் எழுதுக. அதற்கு மேற்பட்டால், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் விளக்கும் சோதிக்கப்பட்டுப் பதிவுச் சான்றில் குறிக்கப்படுக. எந்த எல்லைக்கு அப்பால் எவருக்கும் அனுமதி இல்லை என்பதையும் வெளிப்படையாகக் கூறுக. உயரத்தை நாடும் இளைஞர் சங்கங்கள் படம் பிடித்து மகிழ்வதோடு நில்லாமல், தங்கள் தொகுதிப் பார்லிமெண்டு அங்கத்தினரிடம் இக்கோரிக்கையை எழுத்து மூலம் சமர்ப்பிக்க வேண்டும்.

அதுவரையில், சட்டம் உள்ளபடியே அதற்குக் கட்டுப்படுவது பிரஜைகளின் கடமை. தயாரிப்பாளர் தம் வண்டிக்கு ஏற்றவை என்று கூறும் டயர் அளவுகளுக்குள் தேர்ந்தெடுங்கள். பாரம் தாங்கும் குறியீடு மூல டயருக்குக் குறையாதிருக்கிறதா என்று பாருங்கள். உயர்த்தும் ஆசையை ஒத்திவையுங்கள். சட்டத்துக்கு அடங்கி நின்று சட்டத்தைத் திருத்தக் கேட்பவனுடைய குரலுக்கே டில்லியில் மதிப்பு உண்டாகும். அடுத்த வெள்ளம் எப்போது வரும் என்று எவரும் அறியார். அன்று உதவிக்கு இறங்கும் வண்டி, சோதிக்கப்பட்டதாகவும் சட்டப்படி பதிவானதாகவும் இருக்கவேண்டும் என்பதே நமது விருப்பம்.