அர்த்தத்திற்கு ஒரு அர்த்தமா?

தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒன்றைக் கொண்டு விளக்குவதற்குத்தான் அர்த்தம் சொல்லுவது என்று பெயர். இதை அறிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால், ஆங்கிலம் கற்க வரும் நமது பிள்ளைகளின் கையில் கொடுக்கப்படுகின்ற பெரிய அகராதிகளிலும், அவர்கள் நெட்டுருப் போடுகின்ற "மீனிங்" நோட்டுகளிலும் நடப்பது என்ன? தெரியாத ஒரு வார்த்தைக்கு, அதைக் காட்டிலும் தெரியாத இரண்டு வார்த்தைகள் அர்த்தமாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த இரண்டையும் தேடப் போனால் நான்காகின்றன. கடைசியில் பிள்ளை செக்கு மாடு போல் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து நிற்கிறான். இதற்குப் படிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஓர் உதாரணம் சொல்லுகிறோம். நமக்குத் தெரிந்த ஒரு குடியானவர், உழவு இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு, கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்களைக் கொண்டு வந்தார். அதில் 'ஹைபாதிகேஷன்' என்று ஒரு வார்த்தை இருந்தது. காலேஜில் படிக்கும் அவரது மகன் அகராதியைப் புரட்டினான். 'பிளெட்ஜ்' என்று போட்டிருந்தது. 'பிளெட்ஜ்' என்பதற்கு 'செக்யூரிட்டி' என்று இருந்தது. 'செக்யூரிட்டி' என்பதற்கோ மறுபடியும் 'பிளெட்ஜ்' என்றே இருந்தது. பையன் அகராதியை மூடி வைத்துவிட்டு, "எல்லோரும் போடுவதுதான் அப்பா, நீங்களும் போடுங்கள்" என்றான். அவரும் போட்டுவிட்டார்.

அந்த வார்த்தையின் அர்த்தம் இவ்வளவுதான்: "இயந்திரம் உன்னிடமே இருக்கும், நீ ஓட்டலாம், ஆனால் கடன் தீரும் வரையில் அது கடனுக்கு ஈடு, தவணை கட்டாவிட்டால் கடன் கொடுத்தவர் அதை எடுத்துக்கொள்ளலாம்." இதில் எழுத்து வாசனையே இல்லாத கிழவிக்குக் கூடப் புரியாத வார்த்தை ஏதாவது இருக்கின்றதா? பதினைந்து வருஷம் படித்த பையனுக்கு இது புரியாமற் போனதற்கு அவனது மூளை காரணமா, அல்லது அவனுக்கு அர்த்தம் சொல்லிக் கொடுத்த மாதிரி காரணமா என்று கேட்கிறோம்.

இந்த வியாதி நமது நாட்டுக்கு மாத்திரம் சொந்தமானதல்ல. இங்கிலாந்தில் 1755-ம் வருஷத்தில் சாமுவேல் ஜான்சன் என்னும் பெரிய வித்வான் ஓர் அகராதி வெளியிட்டார். அவரது உழைப்பை யாரும் குறைவாகச் சொல்ல முடியாது. ஆனால், வலைப் பின்னலைக் குறிக்கும் 'நெட்வொர்க்' என்னும் சாதாரண வார்த்தைக்கு அவர் எழுதிய அர்த்தத்தில் 'ரெட்டிகுலேட்டட்', 'டெகசேட்டட்', 'இன்டர்ஸ்டிசஸ்' என்ற வார்த்தைகள் வந்து விழுந்தன. வலையைக் கண்ணால் கண்டவனும் அதைப் படித்தால் வலையை மறந்து போவான். இங்கிலீஷ்காரர்களே இன்று வரையில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நமது நிகண்டுகளும் ஒரு சொல்லுக்கு வேறு பல சொற்களைப் பாட்டாக அடுக்கிக் கொடுத்தவைகளேயாகும். சொல் தெரிந்த புலவனுக்கு அது உதவும். தெரியாதவனுக்குப் பூட்டின மேல் பூட்டு.

இந்தப் பூட்டை உடைக்க வேண்டுமென்று முயன்றவர்களில் ஒருவர் மைக்கேல் வெஸ்ட் என்பவர். அவர் வங்காளத்தில், டாக்காவில், உபாத்தியாயர்களைப் பழக்கும் கல்லூரியில் வேலை பார்த்தவர். 1926-ம் வருஷத்தில் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னார். ஆங்கிலம் படிக்க ஆரம்பிக்கிற பிள்ளைகளில் மிகப் பலர் பாதியில் நின்று விடுகிறார்கள். நின்று போகிறவனுக்கு அதுவரையில் படித்ததால் என்ன மிச்சம் என்பதே அவர் கேள்வி. இன்ஷூரன்ஸ் கட்டுகிறவன் நடுவில் நிறுத்தினாலும் சரண்டர் தொகை என்று ஏதோ கைக்கு வருகிறதல்லவா? அதுபோலப் படிப்புக்கும் ஒரு சரண்டர் தொகை இருக்க வேண்டும் என்றார். கடைசி வரையில் படிப்பவன் ஒருவனுக்காகவே பாடத்தை அமைத்து, நடுவில் நிற்கிற பலரை வெறுங்கையோடு அனுப்புகிற படிப்பு, பலரிடம் வசூலித்து ஒருவனுக்குக் கொடுக்கும் வியாபாரமேயாகும் என்பது நமது அபிப்பிராயம்.

அவர் பேச்சோடு நிற்கவில்லை. 1935-ம் வருஷத்தில் என்டிகாட் என்பவரோடு சேர்ந்து ஓர் அகராதி செய்தார். அதில் 18,000 வார்த்தைகளும் 6,000 சொற்றொடர்களும் ஆக 24,000 இனங்கள் இருந்தன. அவ்வளவுக்கும் அர்த்தம் எழுத அவர்கள் எடுத்துக் கொண்டவை 1,490 சாதாரண வார்த்தைகளே. அந்த 1,490-ஐக் கற்றுக் கொண்டவன் யாருடைய தயவும் இல்லாமல் 24,000-க்குள் போகலாம் என்று ஆயிற்று. 1978-ல் வெளிவந்த லாங்மன் அகராதியும் இந்த வழியையே பின்பற்றிச் சுமார் 2,000 வார்த்தைகளுக்குள் அர்த்தம் எழுதியது.

இதே காலத்தில் ஆக்டன் என்பவர் இன்னொரு வழி சொன்னார். 1930-ல் அவர் வெளியிட்ட 'பேசிக் இங்கிலீஷ்' என்பதில் மொத்தம் 850 வார்த்தைகளே உண்டு. 600 பொருள்களின் பெயர்கள், 150 குணங்களைச் சொல்லுபவை, பாக்கி 100 வாக்கியத்தை நடத்துபவை. வினைச்சொற்கள் பதினெட்டே. யுத்த காலத்தில், 1943-ம் வருஷத்தில், பிரதம மந்திரி சர்ச்சில் ஹார்வர்டில் பேசும்போது இதை ஆதரித்தார். தமது பாஷை உலகமெல்லாம் பரவினால் தமது செல்வாக்கும் பரவும் என்ற எண்ணம் அவருக்கு இல்லாமற் போகுமா? இருக்கட்டும். கத்தியைச் செய்தவன் எதற்காகச் செய்தான் என்பதைத் தெரிந்து கொள்ளுவோம். ஆனால் அது நமது காய்கறியை நறுக்குமானால் நறுக்கிக் கொள்ளுவோம்.

ஆனால், ஆக்டன் சொல்லிவிட்டார் என்பதற்காக 850-ஐ வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. 'கிவ்' என்றால் கொடு, 'அப்' என்றால் மேலே. ஆனால் 'கிவ் அப்' என்றால் விட்டுவிடு என்று அர்த்தமாகிறது. இப்படிச் சிறு வார்த்தைகளைச் சேர்த்துப் புது அர்த்தம் உண்டாக்கினால், எண்ணிக்கையில் குறைவு தெரியுமே தவிர, அன்னிய பாஷைக்காரனுக்குப் பாரம் குறையாது. வெஸ்ட்டும் வேறு சிலரும் 1934-லேயே பேசிக் இங்கிலீஷை ஆராய்ந்து கண்டித்து எழுதினார்கள். யார் சொன்னாலும் சோதித்துப் பார்த்துக் கொள்ளுவதே நல்லது.

"இப்படி எளிய வார்த்தைகளிலேயே நின்றுவிட்டால் பாஷையின் அழகு என்னாவது?" என்று சில பண்டிதர்கள் கேட்பார்கள். நிற்கச் சொன்னவர் யார்? ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் 2,000 வார்த்தைகளை அறிந்தவனுக்குச் சாதாரண எழுத்தில் நூற்றுக்குச் சுமார் எண்பது வார்த்தைகள் தெரிந்தவையாகின்றன. பாக்கி இருபது தெரியாமல் ஒரு பத்திரிகையைக் கூடச் சரியாகப் படிக்க முடியாது என்பது வாஸ்தவந்தான். அந்த இருபதுக்குத்தான் தனக்குப் புரிகிற அர்த்தம் வேண்டும் என்கிறோம். ஏணியைக் கொடுத்தால் மாடியே வேண்டாம் என்று சொன்னதாகுமா? உண்மையில் இவர்களுடைய கவலை பாஷையின் அழகைப் பற்றியதல்ல. எல்லோருக்கும் புரிந்துவிட்டால் தமக்கு என்ன மதிப்பு என்பதே இவர்கள் கவலை. மந்திரத்துக்கு அர்த்தம் தெரிந்துவிட்டால் தட்சணை குறைந்து போகும் என்பது போன்றதுதான் இது.

ஆகவே, தோழர்களே! பிள்ளைகளுக்கு அகராதி வாங்கும்போது அட்டையையும் கனத்தையும் பார்க்காதீர்கள். உங்கள் பையனுக்குத் தெரியாத மூன்று வார்த்தைகளை அங்கேயே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அர்த்தத்தைப் படித்தபின் அதைத் தமிழில், தன் சொந்த வார்த்தையில், அவன் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் வாங்குங்கள், சொல்ல முடியாவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு, ஆங்கிலம் கற்போருக்கென்றே எளிய வார்த்தைகளில் எழுதப்பட்ட அகராதியைக் கேளுங்கள். நோட்டில் 'மீனிங்' எழுதிக்கொண்டு வந்தாலும் இதே சோதனையைச் செய்யுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே என்று வெட்கப்பட வேண்டியதில்லை. தெரியாதவருக்குப் புரியும்படி சொல்ல முடிகிறதா என்பதே சோதனையாதலால், இதற்கு உங்களைவிடத் தகுந்த பரீட்சை அதிகாரி வேறு யாருமில்லை.

"அர்த்தம் புரியவில்லை, இதற்கு ஓர் அர்த்தம் சொல்லுங்கள்" என்று கேட்கிற பிள்ளையை அடக்காதீர்கள். இன்று பள்ளிக்கூடத்தில் அப்படிக் கேட்கப் பழகினவன்தான், நாளை தன் தகப்பன் கையெழுத்துப் போடும் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்கள், இது என்ன?" என்று கேட்பான்.