மலைச்சாலையும் வீட்டு முற்றத்துப் பிரேக் வேலையும்

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள்; உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர். ஒன்றரை டன் எடையுள்ள கார் ஒன்று அவ்வுயரத்தை இறங்கும்போது இழக்கும் ஆற்றல் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும்; எஞ்சியது பிரேக்குகளில் வெப்பமாக இறங்குகிறது. நியூட்ரலில் இறக்கினால் எஞ்சினின் பங்கும் பிரேக்கின் தலையிலேயே விழும். பூப்பாறையிலோ குமுளியிலோ வீட்டு முற்றத்தில் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கி ஏற்றிப் பிரேக் ஷூ மாற்றும் ஒருவரின் வேலை இந்தச் சாலையில்தான் தேர்வு எழுதுகிறது.

இவ்வேலையைப் பற்றிக் கல்விப்புலத்தில் இரு பார்வைகள் உள்ளன. ஒன்று, இதனை நாட்டார் நுண்ணறிவு எனக் கொண்டாடுவது. மற்றொன்று, பொறுப்பின்மை என ஒதுக்குவது. இரண்டுமே சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காத பார்வைகள். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டித் தானே கற்ற ஜி.டி. நாயுடு, 1920இல் பொள்ளாச்சி - பழனி வழித்தடத்தில் பேருந்து ஓட்டத் தொடங்கினார் என்பதைப் பெருமையுடன் மேற்கோள் காட்டும் அதே சமூகம், கொழிஞ்சாம்பாறையில் இன்று காரைப் பிரிக்கும் இளைஞரிடம் சான்றிதழ் கேட்கிறது.

சான்றிதழ் கேட்பதில் தவறில்லை. ஆனால் கேட்கும் இடம் தவறு. இந்தியாவில் சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை பிரேக்கைச் சோதிக்குமாறு சட்டம் உரிமையாளரைக் கட்டாயப்படுத்துவதில்லை. பிரிட்டனில் மூன்றாம் ஆண்டு முதலே ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை. இங்கோ அந்த 15 ஆண்டுகளும் லைனிங்கின் தடிமனைப் பார்க்கும் கண், உரிமையாளருடையதோ அவர் நம்பும் மெக்கானிக்குடையதோதான். அக்கண்ணைப் பயிற்றுவிப்பதை விட்டுவிட்டு, வீட்டு வேலையைப் பழிப்பதால் யாருக்கும் பாதுகாப்புக் கூடுவதில்லை.

கோடு கிழிக்க வேண்டிய இடம் வீட்டுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் இடையில் அன்று. வேலைக்கும் வேலைக்கும் இடையில். டிஸ்க் பிரேக்கின் பேட் மாற்றுவது பழகிய கை செய்யக்கூடியதே. அதிலும் பிழைகள் நேரும். பிஸ்டனை உள்ளே தள்ளிப் புதிய பேடைப் பொருத்திய பின், பெடல் இறுகும்வரை மிதித்துப் பார்க்காமல் வண்டியை நகர்த்துவது அவற்றுள் முதன்மையானது. சரிவான முற்றத்தில் அந்த முதல் மிதி வெறுமையாகப் போவதன் பொருள் சொல்லாமலே விளங்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 வகைக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 140 பாகைதான். சாரல் ஓயாத மலையில் பழைய ஆயிலை விட்டுவைத்துப் புது பேட் மட்டும் மாற்றுவது பாதி வேலை. பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கக்கூடும்; அத்தூளை வாயால் ஊதித் தள்ளும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது.

பேரிங் வேறு வகை. பழைய ஜீப்பின் கூம்பு உருளைப் பேரிங்கைக் கழற்றி, கழுவி, கிரீஸ் வைத்து, நட்டைத் தளர்த்தி இறுக்கிச் சரிசெய்யும் கைப்பக்குவம் இருந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் மூடிய பேரிங்கை அழுத்தித்தான் பொருத்த வேண்டும். சுத்தியலால் அடித்தால் அடியின் விசை குண்டுகளின் வழியே ஓடுதடத்தில் நுண்பள்ளங்களாகப் பதியும். மாற்றிய சில நாளிலேயே ஊளை திரும்பிவரும். ஏபிஎஸ் உள்ள வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்கத்தில் காந்த வளையம் இருக்கும். பக்கம் மாறினால் சென்சார் குருடாகிவிடும். ஹைட்ராலிக் பிரஸ்ஸும் டார்க் ரெஞ்சும் இல்லாத முற்றத்தில் இவ்வேலையைத் தொடக் கூடாது.

அவை ஏன் இல்லை என்பதே அடுத்த கேள்வி. உதிரிபாகங்களையும் தொழில்நுட்பத் தகவலையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. 2022 இறுதியில் ஒன்றிய அரசு பழுதுநீக்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது; வாகனங்களும் அதன் வரம்பில் உண்டு. தகவல் கிடைத்தாலும் பிரஸ் கிடைக்காது. ஜெர்மனியில் லிஃப்டையும் கருவியையும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் தன்னுதவிப் பட்டறைகள் உள்ளன. அருகில் தேர்ந்த ஒருவர் இருப்பதும் உண்டு. கட்டப்பனை, மலம்புழை அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களும் போடி அரசுப் பொறியியல் கல்லூரியும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையேனும் தம் பட்டறைக் கதவைத் திறந்து, ஒரு பயிற்றுநரை அமர்த்தி, முறுக்குவிசை அளவுகளைத் தமிழிலும் மலையாளத்திலும் சுவரில் எழுதி வைக்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. விபத்துப் பொறுப்பு யாருடையது என்ற ஒரு கேள்விக்கு நிர்வாகம் எழுத்தில் விடை தந்தாக வேண்டும். அந்த விடையை எழுத முன்வரும் துறை எது என்பதில்தான் இம்முயற்சி சிக்கி நிற்கக்கூடும்.